நீதிமானா, ஏற்புடையவரா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை உங்க இணைப்புல மதமும் ஒழுக்கமும் பத்தி ஒரு கட்டுரை வந்துச்சு. நல்லாத்தான் எழுதியிருந்தாரு, ஆனா நடுவுல ஒரு வரி, கிறிஸ்தவத்துல நம்பினா மட்டும் போதும் நடத்தை எப்படி இருந்தாலும் பரவாயில்லங்கிற மாதிரி. இத நான் டீக்கடையிலயும் கேட்டுருக்கேன், எங்க சர்ச் வாசல்ல எங்க கிறிஸ்தவ ஆளுங்க வாயாலயே கேட்டுருக்கேன், அதனால உங்க கட்டுரையாளர் மேல மட்டும் கோவம் இல்ல. இருந்தாலும் அச்சுல வந்துட்டதால எழுத வேண்டியதாப் போச்சு. நான் ரிட்டயர்டு கணக்கு வாத்தியார், வேதாகமக் கல்லூரி பக்கம் போனதில்ல. நான் சி.எஸ்.ஐ., அதாவது சீர்திருத்தச் சபை (புராட்டஸ்டன்ட்), வீட்டம்மா ஆர்.சி., அதாவது கத்தோலிக்கக் குடும்பம், அதனால அலமாரில ரெண்டு பைபிள் இருக்கு, நாப்பது வருஷமா ரெண்டையும் மாத்தி மாத்திப் படிச்சதுதான் என் படிப்பு.

விஷயம் பைபிள்ல, அப்போஸ்தலர் பவுல் ரோமருக்கு எழுதின நிருபத்துல (கடிதத்துல) இருக்கு. மனுஷன் கடவுள் முன்னால எப்படி நிக்க முடியும்ங்கிறதுதான் கேள்வி. நீதிமானாகுறதுக்கு பவுல் எழுதின கிரேக்க வார்த்தை கோர்ட்டு வார்த்தைங்க. ஜட்ஜ் ஒருத்தர பாத்து "இவன் மேல குற்றம் இல்ல"ன்னு தீர்ப்பு சொல்றது. 4-ம் அதிகாரத்துல ஆபிரகாம் கதைய எடுத்து, அவன் நம்பினான், அது அவனுக்கு "நீதியாக எண்ணப்பட்டது"ங்கிறாரு, அந்த எண்ணப்பட்டதுங்கிறது பேரேட்டுல வரவு வைக்கிற வார்த்தை. அடுத்த வரியிலேயே கூலிக் கணக்கும் போடுறாரு, வேலை செஞ்சவனுக்குக் குடுக்குறது கூலி, அது கடன் தீர்க்குறது, அத யாரும் கிருபைன்னு, சும்மா குடுத்ததுன்னு, சொல்ல மாட்டாங்கன்னு. கணக்கு வாத்தியாருக்கு இதுக்கு மேல விளக்கம் வேணுமா.

1500 வருஷம் கழிச்சு இதுலதான் ஐரோப்பாவே ரெண்டா உடைஞ்சுது. சீர்திருத்தத்தத் தொடங்கி வச்ச ஜெர்மன் துறவி மார்ட்டின் லூத்தர், மடத்துல இருந்தப்போ மணிக்கணக்கா பாவசங்கீர்த்தனம் (குருகிட்ட பாவத்தச் சொல்லி மன்னிப்பு கேக்குறது) பண்ணுவாராம், வெளிய வந்ததும் ஏதாவது விட்டுப்போச்சோன்னு திரும்பவும் பயம். தேவநீதிங்கிற வார்த்தையே தனக்கு வெறுப்பா இருந்துச்சுன்னு பின்னால அவரே எழுதியிருக்காரு. ரோமர் 1:17-அ திரும்பத் திரும்பப் படிச்சு, அது கடவுள் நம்மள தண்டிக்கிற நீதி இல்ல, நமக்குக் குடுக்குற நீதின்னு புரிஞ்சப்போதான் அந்த மனுஷனுக்கு மூச்சு வந்துச்சு. 1522-ல ஜெர்மன்ல புதிய ஏற்பாடு போட்டப்போ ரோமர் 3:28-ல "மட்டும்"னு ஒரு வார்த்தைய சேத்து விசுவாசத்தினால (நம்பிக்கையால) மட்டும்னு போட்டாரு, மூலத்துல அந்த வார்த்தை கிடையாது, எதிராளிங்க விடுவாங்களா. 1530-ல பதில் எழுதினாரு, ஜெர்மன்காரன் அப்படித்தான்யா பேசுவான்னு. பைபிள்லயே யாக்கோபு நிருபத்துல "விசுவாசத்தினாலேமாத்திரமல்ல"ன்னு நேர் எதிரா இருக்கே, அதுக்கு என்ன பண்ணாருன்னு கேக்குறீங்களா, அத வைக்கோல் நிருபம்னு சொன்னாரு! இது கொஞ்சம் ஓவர்தான், லூத்தர் வாய் அப்படி.

ஆனா அதே லூத்தர்தான் நல்ல காரியம் ஒருத்தன நல்லவனாக்காது, நல்லவனா ஆனவன் நல்ல காரியம் செய்வான், மரம் நல்லாருந்தாத்தான் பழம் நல்லாருக்கும்னும் எழுதினாரு. அதாவது அவரு சண்டை போட்டது வரிசைக்காக. ஏத்துக்கப்படுறது முதல்ல, நன்மை செய்யுறது அதுக்கு அப்புறம். பழத்த கயித்துல கட்டித் தொங்க விட்டா மரம் நல்ல மரமாயிடுமா? நடத்தை எப்படி இருந்தாலும் பரவாயில்லன்னு அவரு சொன்னதே இல்ல, உங்க கட்டுரையாளர் சறுக்கினது இங்கதான்.

கத்தோலிக்கர் பக்கமும் இதே மாதிரி ஒரு தப்பு நினைப்பு ஓடுது. புண்ணியம் சேத்து மோட்சம் வாங்குறவங்கன்னு எங்க ஆளுங்க பேசுவாங்க, கல்யாணமான புதுசுல நானே வீட்டம்மா கிட்ட அப்படிப் பேசி ரெண்டு நாள் சாப்பாடு இல்லாம கெடந்தேன். கத்தோலிக்க ஆயர்கள் கூடின ட்ரென்ட் சங்கம் 1547 ஜனவரியில இதப் பத்தி ஒரு தீர்மானம் போட்டுச்சு, கடைசில இப்படிச் சொல்றவன் சபிக்கப்பட்டவன்னு 33 சாபக் கட்டளை. அதுல முதல் சாபமே யாருக்குன்னா, கிறிஸ்துவோட கிருபை இல்லாம சொந்தச் செயலால கடவுள் முன்னால நீதிமானாகலாம்னு சொல்றவனுக்கு! லூத்தர் ஆளுங்களுக்கு விழுந்தது 9-வது சாபம், விசுவாசம் மட்டும் போதும், மனுஷனோட ஒத்துழைப்பு எதுவுமே வேணாம்னு சொல்றவனுக்கு. ட்ரென்ட் சங்கத்துக்காரங்க சொன்னது, கடவுள் தீர்ப்பு மட்டும் சொல்லல, உள்ளுக்குள்ள நிஜமாவே ஆள மாத்துறாரு, அந்த மாத்தத்துக்கு நாம இடம் குடுக்கணும்னு. வைணவத்துல வடகலை தென்கலை வழக்கு தெரிஞ்சவங்களுக்கு இது ஈஸியாப் புரியும், பக்தன் தாய இறுக்கிப் பிடிச்சுக்கிற குரங்குக்குட்டியா, தாய் வாயில கவ்விட்டுப் போற பூனைக்குட்டியான்னு. அப்படியே பொருந்தும்னு சொல்ல மாட்டேன், ஆனா கேள்வி சொந்தக்காரக் கேள்விதான்.

இப்ப எனக்குப் பிடிச்ச எடத்துக்கு வரேன். நாங்க வாசிக்கிற பழைய மொழிபெயர்ப்புல இந்த வார்த்தை "நீதிமானாக்கப்படுதல்". ஆர்.சி. கோயில்ல வாசிக்கிற 1995 திருவிவிலியத்துல "கடவுளுக்கு ஏற்புடையவர்" ஆகுறதுன்னு இருக்கும். கவனிச்சுப் பாருங்க, கூத்து எங்க இருக்குன்னு. "ஆக்க"ன்னு சொல்லி ஆள மாத்துற அர்த்தம் குடுக்குற வார்த்தை, ட்ரென்ட் பக்கம் சாயுற வார்த்தை, சீர்திருத்தச் சபைக்காரன் கையில இருக்கு. ஏத்துக்கிட்டாருன்னு லூத்தர் மாதிரி பேசுற வார்த்தை கத்தோலிக்கர் கையில இருக்கு! பைபிள மாத்திக் குடுத்துட்டாங்களோன்னு நான் வீட்டுல சொல்லிச் சிரிப்பேன். ரெண்டுலயும் அந்த கோர்ட்டு வாசனை முழுசா வரல, அது வேற.

1999 அக்டோபர் 31, ஜெர்மனில ஆக்ஸ்பர்க் ஊர்ல, லூத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்க திருச்சபையும் இதே விஷயத்துல ஒரு கூட்டு அறிக்கைல கையெழுத்துப் போட்டாங்க. 1530-ல லூத்தர் பக்கத்து ஆளுங்க அவங்க விசுவாச அறிக்கைய பேரரசர் முன்னால வாசிச்சதும் அதே ஊர்தான். நம்ம தகுதி எதையும் பாக்காம, கிருபையால மட்டும், கடவுள் நம்மள ஏத்துக்கிறாரு, அப்புறம் தூய ஆவி நம்ம உள்ளத்தப் புதுசாக்கி நல்ல காரியத்துக்கு அனுப்புறாருங்கிறதுதான் அதோட சாரம். பிற்பாடு 2006-ல மெதடிஸ்டுங்க சேந்தாங்க, 2017-ல கால்வின் வழி வந்த சீர்திருத்தச் சபைங்களும். லூத்தரன்கள்ல சில சபைங்க ஒத்துக்கலங்கிறதும் உண்மை. நம்ம தரங்கம்பாடி லூத்தரன் சபையும் அந்த சம்மேளனத்துல இருக்கு, ஆனா எங்க பக்கம் ஒரு பிரசங்கத்துலயும் இந்த அறிக்கைய பத்தி நான் கேட்டதில்ல. கன்வென்ஷன் கூட்டத்துல கேட்டதெல்லாம் வேற, ஒரு ஊழியக்காரர் மேடையில காணிக்கைக் கவர ஆட்டிக்கிட்டே விதைச்சாத்தான் அறுப்பீங்கன்னாரு.

அந்தக் கூட்டத்துக்குத் தவறாம போற ஆளு எங்க பெரியம்மா. அவங்களுக்கு எம்பத்தஞ்சு வயசுல படுக்கையில விழுந்தப்போ தலையணைக்கு அடியில ஒரு நோட்டு இருந்துச்சு. காணிக்கை, கட்டட நிதி, உபவாசம் இருந்த வெள்ளிக்கிழமை எல்லாம் தேதி போட்டு எழுதி வச்சுருந்தாங்க. என் கைல குடுத்து "மக்ளே, நீ கணக்கு வாத்தியாருல்லா, கூட்டிப் பாத்துச் சொல்லு, இது காணுமா"ன்னாங்க, போதுமான்னு அர்த்தம். சின்ன வயசுல இருந்து விசுவாசத்தினாலேன்னு மனப்பாடமா ஒப்பிச்சவங்க. எனக்குத் தொண்டை அடைச்சிருச்சு. கூட்டவும் முடியல, வேணாம்னு சொல்லவும் வரல.

வீட்டம்மாதான் தன்னோட ஆர்.சி. பைபிள எடுத்து லூக்கா 18 வாசிச்சா. கோயிலுக்கு ரெண்டு பேர் போற கதை. பரிசேயன் வாரத்துல ரெண்டு நாள் நோன்பு, வருமானத்துல பத்துல ஒண்ணுன்னு கணக்கு ஒப்பிக்கிறான், வரி வாங்குறவன் தூரமா நின்னு மாருல அடிச்சுக்கிறான். எங்க பைபிள்ல அவன் "நீதிமானாக்கப்பட்டவனாய்" வீட்டுக்குப் போனான்னு வரும். பெரியம்மாவுக்கு நீதிமான்னா நோவா, யோபு, பெரிய ஆளுங்களோட பட்டம், தனக்கு அது எட்டாதுன்னே நெனச்சுருந்தாங்க போல. இங்க வீட்டம்மா கடவுளுக்கு ஏற்புடையவரா வீடு திரும்பினாருன்னு வாசிச்சதும் "அப்ப ஏத்துக்கிட்டாரா, சும்மாவா"ன்னாங்க. ஆமா பெரியம்மா, சும்மாதான்னா இவ. கொஞ்ச நேரம் மோட்டுவளையையே பாத்துட்டு இருந்தாங்க. அடுத்த ஞாயிறு நோட்டுல திரும்பவும் காணிக்கை எழுதச் சொன்னாங்க, அது வேற விஷயம், ஆனா கூட்டிச் சொல்லுன்னு அப்புறம் கேக்கல.

கட்டுரையாளர் கிட்ட அந்த ஒரு வரிய மட்டும் பாக்கச் சொல்லுங்க, மத்ததெல்லாம் சரியாத்தான் எழுதியிருக்காரு.

இப்படிக்கு,
உங்க பழைய வாசகன்,
நாகர்கோவில்