கல்லாங்குத்து என்று எழுதிவிட்டால் முடிந்ததா?

ஆசிரியருக்கு வணக்கம்.

தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள் (அந்தக் காலத்தில் இறந்தவர்களைப் புதைத்த பெரிய பானை) கிடைத்த நெல்லுக்கு வயது சுமார் 3,200 வருஷம் என்று 2021இல் செய்தி வந்தபோது எங்கள் ஊர் டீக்கடையில் அன்றைக்கு முழுக்க அதே பேச்சு. அந்தக் கடையிலிருந்து ஏரிக்கரையோடு கொஞ்சம் நடந்தால் அதுபோன்ற பழங்காலப் புதைகுழிகளைச் சுற்றி அடுக்கிய கல்வட்டங்கள் இருக்கின்றன, இருந்தன என்றும் சொல்லலாம். மாடு மேய்க்கப் போன காலத்தில் முப்பதுக்கு மேல் எண்ணியிருக்கிறேன். போன மாதம் பார்த்தால் ஒன்பது. மற்ற இடத்தில் மனைக்கல் நட்டு, கலர் கொடி கட்டியாகிவிட்டது.

ஊரில் இதைப் பாண்டவர் குழி என்பார்கள், வனவாசத்தில் பாண்டவர்கள் ஒளிந்திருந்த இடமாம். சுற்றிலும் உருண்டைப் பாறைகள், நடுவில் கற்குவை, அதற்கடியில் பலகைக்கல் அறையோ தாழியோ ஈமப்பேழையோ (சுடுமண் சவப்பெட்டி) இருக்கும், உள்ளே எலும்பும் கருப்பு சிவப்புப் பானையும் இரும்பும். ஜேசிபி ஓட்டுகிற பையனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? கரண்டி ஒருமுறை உள்ளே இறங்கிவிட்டால் ஓட்டாஞ்சில்லைப் பொறுக்கிக்கொள்ளலாம், எது எதனோடு எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்று அப்புறம் யாராலும் சொல்ல முடியாது. சிவகளை நெல் தாழிக்குள்ளேயே கிடந்ததால்தான் அந்தத் தாழியின் காலமும் தெரிந்தது.

எங்கள் செங்கல்பட்டுப் பக்கம் சானூரில் இப்படிப்பட்ட புதைகுழிகளில் 1950லேயே அகழாய்வு நடந்திருக்கிறது. ஆனால் இப்படி ஓர் இடம் இருப்பதாகச் சொல்லவே மக்கள் பயப்படுகிறார்கள். மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கும் இடமென்றால் 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அதற்கடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். அப்படிப் பாதுகாக்கப்படும் இடம் உள்ள பல்லாவரத்தில் சொந்த மனையில் வீடு கட்ட அலைகிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள், அதிகாரி கண்ணில் படுமுன் கல்லைத் தள்ளிவிடத்தான் பார்க்கிறார்கள். அவர்களைத் திட்டவும் எனக்கு மனசு வரவில்லை.

நான் கேட்பது சின்ன விஷயம். கிராமக் கணக்கில் இந்த இடங்கள் கல்லாங்குத்து (கல்லும் பாறையுமான புறம்போக்கு) என்றோ தரிசு என்றோதான் இருக்கின்றன. அந்தப் புல எண்ணுக்கு நேரே 'ஈமக்காடு', அதாவது பழங்காலப் புதைகாடு, என்று ஒரு வார்த்தை ஏறட்டும், மனைப்பிரிவுக்கோ குவாரிக்கோ கையெழுத்துப் போடும் முன் தொல்லியல் தெரிந்த ஒருவர் நேரில் வந்து பார்க்கட்டும். எல்லா இடத்தையும் வேலி போட்டு அடைக்கச் சொல்லவில்லை. பார்த்து, அளந்து, பதிவு செய்துவிட்டாவது விடலாமே.

மிச்சமிருக்கும் ஒன்பதையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன். அதிகாரிகள் யாராவது வந்தால் வழிகாட்டத் தயார். மழைக்கு முன்னால் வந்தால் நல்லது, அப்புறம் புதர் மூடிவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
செங்கல்பட்டு மாவட்டம்