செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் பெரியோர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். ‘வந்திருக்கும்’ என்று எழுதும்போதே கொஞ்சம் தயக்கம்தான். இதை எழுதுகிற வெள்ளிக்கிழமை இரவு வரை கட்டாயம் வருகிறேன் என்று சொன்னவர்கள் 19 பேர். பதிவேட்டில் இருப்பவர்கள் 46 பேர். 15 பேர் இருந்தால் கூட்டம் செல்லும் என்பது நம் விதி. அந்த தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

புதியவர்களுக்காக ஒரு வார்த்தை. இது குடல் காசநோய் கண்டவர்களும் அவர்கள் வீட்டாரும் சேர்ந்த சங்கம். மன்னார்குடியில் அரிசிக்கடை மாடியில் ஒரு அறை, ஒரு பெஞ்சு, எட்டு பிளாஸ்டிக் நாற்காலி, எடை பார்க்கும் மிஷின் ஒன்று. வெளியே தொங்கும் போர்டில் ‘நலச் சங்கம்’ என்று மட்டும் இருக்கும். நோயின் பெயரை எழுதினால் யாரும் படியேற மாட்டார்கள் என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்தோம். கீழே அரிசி வாங்க வருகிறவர்கள் கேட்டால் கடைக்காரர், “ஏதோ வயித்துவலிக்காரங்க” என்று சொல்லி வைத்திருக்கிறார். அது பொய்யும் இல்லை.

மாதக் கூட்டம் கடைசி சனிக்கிழமை என்ற கணக்கில் 12 நடந்திருக்க வேண்டும், 10 நடந்தது. நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல். அதற்கு முந்தின மூன்று நாளிலேயே நம் பக்கம் சம்பா வயலெல்லாம் மூழ்கிவிட்டதால் யாரையும் கூப்பிடவில்லை. ஜூலைக் கூட்டம் நடக்காததற்குக் காரணம், மாடிச் சாவியை நான் தங்கை வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்தது. அது இந்த ஒரு முறைதான் என்பதையும் பதிவு செய்கிறேன்.

ஆகஸ்டில் எடை பார்க்கும் மிஷின் பழுது, சரி செய்தோம். பொங்கலுக்கு முன் அறைக்கு வெள்ளை அடித்தோம். ஆண்டில் புதிதாகச் சேர்ந்தவர்கள் 9 பேர்.

மார்ச் 24, உலக காசநோய் நாள். 1882-இல் அதே தேதியில்தான் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். அன்று ஒரு பொது நிகழ்ச்சிக்கு நம்மையும் அழைத்திருந்தார்கள். ஆறு பேர் போனோம். சுண்டல், டீ எல்லாம் நன்றாக இருந்தது. ஆனால் பேசிய மூவரும் இரண்டு வார இருமல், சளிப் பரிசோதனை என்றே பேசினார்கள். சுவரொட்டியிலும் நுரையீரல்தான். சரி, நுரையீரலில் வருவதுதான் அதிகம், அதுதான் பிறருக்குப் பரவுகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம்மில் எத்தனை பேர் “இருமலே இல்லையே, எனக்கு எப்படி டி.பி.?” என்று கேட்டு மாதக்கணக்கில் அல்சர் மாத்திரை சாப்பிட்டோம்? எனக்கு அப்படி 11 மாதம் போனது. 61 கிலோ இருந்தவன் 43-க்கு வந்த பிறகுதான் ஸ்கேனும், குழாய் விட்டுக் குடலுக்குள் பார்க்கிற கொலனாஸ்கோபியும். சிறுகுடல் பெருங்குடலோடு சேர்கிற இடத்தில் புண் என்று சதை எடுத்துப் பார்த்தார்கள். அந்த வலது அடிவயிற்று வலியை ஒருவர் அப்பெண்டிக்ஸ் என்பார், இன்னொருவர் குரோன்ஸ் என்கிற குடல் அழற்சி நோய் என்பார். குரோன்ஸும் இதுவும் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி என்று எனக்குப் பார்த்த டாக்டரே சொன்னார். ஒன்றுக்குக் கொடுக்கிற மருந்து மற்றதற்கு ஆபத்தாக முடியலாம் என்பதால்தான் அவ்வளவு யோசிக்கிறார்கள். அன்று மேடையில் எனக்கு இரண்டு நிமிடம் கொடுத்திருந்தால் இதைச் சொல்லியிருப்பேன். கேட்டேன், நேரமில்லை என்றார்கள்.

சத்துணவுக்கு ஒன்றிய அரசு போடுகிற பணம் 2024 நவம்பரிலிருந்து மாதத்துக்கு 500 ரூபாய் என்பது 1,000 ஆனது. சிகிச்சையில் இருக்கிறவரை வங்கிக் கணக்குக்கே வரும். நம் புதியவர்களில் நான்கு பேருக்கு வரவில்லை. விசாரித்ததில் இருவருக்கு நூறு நாள் வேலைக்குத் திறந்த பழைய கணக்கு செத்துக் கிடந்தது, இருவருக்கு ஆதார் வேறு கணக்கோடு சேர்ந்திருந்தது. பொருளாளர் அம்மா கூடவே போய் நின்று மூவருக்குச் சரி செய்து கொடுத்தார். நான்காமவர் இன்னும் வங்கிக்கு அலைகிறார்.

இனி, தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் எங்கெங்கே கழிப்பறை என்று நான் எடுத்த பட்டியல். இதைப் பற்றிச் சிரிப்பவர்கள் சங்கத்துக்குள்ளேயே இருக்கிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

கோட்டூர் பக்கத்திலிருந்து ஒரு அக்கா கொலனாஸ்கோபிக்குத் தஞ்சாவூர் போனார். செய்துகொண்டவர்களுக்குத் தெரியும்: முந்தின நாள் இரண்டு லிட்டர் தண்ணீரில் பேதி மருந்தைக் கரைத்து, டம்ளர் டம்ளராகக் குடித்து, குடலைக் கழுவிவிட்ட மாதிரி ஆக்கிக்கொண்டு போக வேண்டும். விடிந்து பஸ் ஏறும்போதும் வயிறு அடங்கியிருக்கும் என்று சொல்ல முடியாது. வடுவூர் தாண்டியதும் அவரால் முடியவில்லை. பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி, ஒரு டீக்கடைக்காரர் வீட்டுக் கொல்லைப்பக்கம் போயிருக்கிறார். அடுத்த பஸ் பிடித்து ஆஸ்பத்திரி சேர்வதற்குள் அவர் பெயரைக் கூப்பிட்டு முடித்துவிட்டார்கள். மறுதேதி மூன்று வாரம் கழித்து. திரும்பவும் இரண்டு லிட்டர். இதை அவர் கூட்டத்தில் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. என் மனைவியிடம், அதுவும் அடுப்படியில் நின்று சொல்லியிருக்கிறார்.

அதற்காகத்தான் மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூருக்கு ஐந்தரை மணி பஸ்ஸில் செப்டம்பரில் நான்கு செவ்வாய்க்கிழமை போனேன். நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டு ஆறு பத்தி: இடம், தண்ணீர், தாழ்ப்பாள், காசு, எத்தனை மணிக்குத் திறக்கும், சாவி யாரிடம். கூட்டுறவுச் சங்கத்தில் 31 வருஷம் எழுத்தராக இருந்தவனுக்கு இது ஒன்றும் பெரிய வேலை இல்லை. வழியிலும் ஊருக்குள்ளுமாக 14 இடம் பார்த்தேன். ஆறு இடம் பரவாயில்லை. அதில் பெண்கள் போகக்கூடியது மூன்று. காலை ஆறு மணிக்கு முன் திறந்திருப்பது இரண்டே இரண்டு. ஓரிடத்தில் கதவுக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். இன்னோரிடத்தில் பூக்கடை அம்மாவிடம் சாவி இருக்கிறது, “வயித்துக்கு முடியல” என்றால் காசு வாங்காமல் கொடுத்துவிடுவார். இதெல்லாம் நேரில் போய் நிற்காமல் கிடைக்காது. ஒரு உறுப்பினரின் மகன், “போன்ல மேப் பார்த்தா தெரிஞ்சிடுமே சார்” என்றான். மேப்பில் தாழ்ப்பாள் தெரியாது தம்பி.

செலவு 1,840 ரூபாய். பஸ், டீ, நோட்டு, 60 பிரதி ஜெராக்ஸ். முன் அனுமதி இல்லாமல் செலவழித்தேன் என்று அக்டோபர் கூட்டத்தில் கேள்வி வந்தது, நியாயம்தான். நான்கு முறை போக வேண்டுமா என்றும் கேட்டார்கள். டவுன் பஸ்ஸில் விடியல் பயணம் போகிறவர்களுக்கு டிக்கெட் காசு தெரியாது என்று மட்டும் அன்று சொன்னேன். பொருளாளர் அம்மா அதைத் தன்னைக் குத்திச் சொன்னதாக எடுத்துக்கொண்டார். அப்படி இல்லை, அவருக்கு இந்த அறிக்கை வழியாகவே தெரிவித்துக்கொள்கிறேன். ஜனவரியிலிருந்து ஐந்து பேர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு போனார்கள். அந்த அக்கா பிறகு ஒரு முறை போனபோது ஜெராக்ஸை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டுதான் போனாராம். தேவைப்படவில்லை என்று வந்து சொன்னார். தேவைப்படாததும் பட்டியலின் பலன்தான் என்பது என் கருத்து.

வருகையைப் பற்றி எழுதாமல் முடிக்க முடியாது. மற்ற சங்கங்களில் ஆள் குறைந்தால் சண்டை என்பார்கள். நமக்கு ஆள் குறைவது குணமாவதால். மாத்திரை தொடங்கும் மாதம் இந்தப் படியில் ஏறுகிறவர், இரண்டு மாதம் நான்கு மருந்து, அப்புறம் நான்கு மாதம் மூன்று மருந்து என்று முடிந்ததும் படி இறங்குகிறார், அதோடு சரி. குணமானால் சந்தோஷம்தான். ஆனால் புதிதாக வருகிறவருக்கு முதல் இரண்டு வாரம் தேவைப்படுகிற ஆள் இவர்தானே?

டிசம்பரில் ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்கு 24 வயதுப் பையன் ஒருவன் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். கையில் ஒரு பாட்டில். பார்த்தால் ஃபான்டா மாதிரி இருக்கிறது. “சார், ரத்தமா போகுது” என்று கை நடுங்கச் சொன்னான். முதல் மாத்திரை போட்ட அன்று. ரிஃபாம்பிசின் என்கிற காசநோய் மருந்து உள்ளே போனால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில்தான் போகும், கண்ணீர்கூடச் சிலருக்கு அந்த நிறத்தில் வரும், நாலு நாளில் பழகிவிடும் என்று உட்கார வைத்துச் சொன்னேன். ஆஸ்பத்திரியிலும் சொல்லித்தான் இருப்பார்கள், பயத்தில் காதில் ஏறியிருக்காது. இதையே அவன் தெருவிலேயே இருக்கிற நம் பழைய உறுப்பினர் ஒருவர், “எனக்கும் இப்படித்தான்டா போச்சு, போய்ப் படு” என்று சொல்லியிருந்தால் அவன் ராத்திரியில் ஏழு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்திருக்க வேண்டாம். அந்த உறுப்பினரைத் துணையாகப் போடக் கேட்டிருந்தேன். “மகளுக்கு வரன் பார்த்துக்கிட்டிருக்கோம் சார். ரோட்டுல பார்த்தாக்கூடக் கூப்பிடாதீங்க” என்றார். கூப்பிடுவதில்லை. போன வாரம் ஜவுளிக்கடை வாசலில் எதிரே வந்தார், நானே வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். குடலில் மட்டும் இருக்கிற காசநோய் பக்கத்தில் உட்கார்ந்தால் ஒட்டாது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது. நுரையீரலிலும் இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டால் போதும். இதைச் சம்பந்தி வீட்டில் போய் யார் சொல்வது?

ஆக, மிச்சம் இருப்பது என்னைப் போலக் கிருமி போயும் தழும்பு போகாதவர்கள். புண் ஆறின இடத்தில் குடல் சுருங்கிவிடும். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வயிறு கடமுடா என்று உருட்டும், அப்புறம் முறுக்கிப் பிடிக்கும். தை மாதம் ஒரு கல்யாணத்தில் நம் தலைவர் ஐயா வாழைத்தண்டுப் பொரியலை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அன்று மாலையே வாந்தி, வயிறு கல் மாதிரி. இரண்டு நாள் மூக்கில் குழாய், குளுக்கோஸ். நார் மிகுந்ததை நமக்கு வேண்டாம் என்கிறார்களே, இதற்குத்தான். அவருக்கு அறுவை சிகிச்சை வரை போகவில்லை. அவர் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். ‘இரண்டாம் முறை’ என்பதை மட்டும் எடுக்கச் சொன்னார். எங்களைப் பார்த்தால் புதிதாக வருகிறவருக்கு நம்பிக்கை வருமா, சொல்லுங்கள். நன்றாகித் தஞ்சாவூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிற 27 பேரில் ஒருவர் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் நான் பேசவே வேண்டாம்.

இன்னொன்று. வலி நின்றுவிட்டது, எடை ஏறிவிட்டது என்று இருவர் மூன்றாம் மாதமே மாத்திரையை நிறுத்தினார்கள். ஒருவரைத் திரும்பக் கொண்டுபோய் விட்டோம். மற்றவர் போனை எடுப்பதில்லை. பாதியில் விட்டால் அடுத்த முறை அதே மருந்துக்குக் கிருமி அசையாமல் போகலாம், அப்போது சிகிச்சையும் நீளும். இதைப் படிக்கிற உறவினர் யாராவது அவருக்குச் சொல்லுங்கள்.

சந்தா மாதம் 30 ரூபாய். எல்லோரும் கட்டினால் ஆண்டுக்கு 16,560. வந்தது ஏழாயிரத்துச் சொச்சம். ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்கவில்லை, குறுவை போச்சு, அப்புறம் தருகிறேன் என்றார்கள். ஜூலை கடைசியில் திறந்தார்கள், இரண்டு மூன்று நாளிலேயே அணை 120 அடியும் நிரம்பியது. இப்போது நடவுச் செலவு, அறுப்புக்கு அப்புறம் என்றார்கள். நவம்பரில் மழை. அதன்பின் பொங்கல் செலவு. தண்ணீர் வராவிட்டாலும் சந்தா வராது, வந்தாலும் வராது போலிருக்கிறது. உண்மையாகவே கஷ்டப்படுகிறவர்கள் யார் என்று எனக்குத் தெரியும், அவர்களிடம் நான் கேட்பதே இல்லை. புது மோட்டார் சைக்கிளில் வந்து கீழே நிறுத்திவிட்டு, படியேறாமலே போகிறவர்களைப் பற்றித்தான் சொல்கிறேன்.

கணக்கு: சந்தா, நன்கொடை, உண்டியல் எல்லாம் சேர்த்து வரவு இருபதாயிரத்தை ஒட்டி. வாடகை, கரண்டு, மிஷின் பழுது, வெள்ளையடிப்பு, வழிச்செலவு, மேற்படி 1,840 எல்லாம் சேர்த்துச் செலவு அதைவிடக் கொஞ்சம் கூடுதல். அந்தக் கூடுதல் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லப் போவதில்லை. விவரம் பொருளாளர் நோட்டில் இருக்கிறது. தணிக்கை செய்த ஓய்வுபெற்ற ஆசிரியர் இரண்டு ரசீது இல்லை என்று குறித்திருக்கிறார். டீக்கடையில் யார் ரசீது கொடுக்கிறார்கள்?

தலைவர் ஐயாவுக்கும் பொருளாளர் அம்மாவுக்கும் செயற்குழுவினருக்கும், வாடகையை இந்த வருஷமும் ஏற்றாத அரிசிக்கடைக்காரருக்கும், வீடு தேடி மாத்திரை கொண்டுவந்து கொடுக்கிற சுகாதாரப் பணியாளர்களுக்கும், கூட்டத்துக்கு வந்து கேள்விக்குப் பதில் சொன்ன மருத்துவர்களுக்கும் நன்றி. என் மனைவிக்குத் தனியாக நன்றி சொல்வது வழக்கம் இல்லை, ஆனால் பட்டியல் அவர் அடுப்படியில்தான் ஆரம்பித்தது.

வரும் ஆண்டு கூத்தாநல்லூர் வழியாகத் திருவாரூர் போகிற தடத்துக்கும் பட்டியல் எடுக்க வேண்டும்; மருத்துவக் கல்லூரிக்கு அந்தப் பக்கம் போகிறவர்களும் இருக்கிறார்கள். பெண்கள் கழிப்பறைக்குள் நான் போய்ப் பார்க்க முடியாது, போன முறை வெளியே நின்று விசாரித்து எழுதியதுதான். கூட ஒரு பெண் உறுப்பினர் வந்தால் நல்லது. வழிச்செலவுக்கு இம்முறை முன்கூட்டியே அனுமதி கேட்கிறேன்.

எனக்கு 67 முடிகிறது. ஆறு வருஷமாக இந்தப் பொறுப்பில் இருக்கிறேன். புதியவர் யாராவது ஏற்றுக்கொள்வதானால் பதிவேடு, ரசீதுப் புத்தகம், சாவி மூன்றையும் இன்றே கொடுத்துவிடத் தயார். யாரும் கேட்காவிட்டால் வேறு வழியில்லை, நானே பார்த்துக்கொள்கிறேன். அடுத்த கூட்டம் வழக்கம்போல மாதக் கடைசி சனிக்கிழமை, மாலை நாலரை மணி. கூட்டம் முடிந்ததும் கீழே போகிற அவசரத்தில் இருப்பவர்களுக்காக ரசீதுப் புத்தகத்தைப் படிக்கட்டின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்