குளிர்நாட்டுக் காடுகளுக்கும் வெப்பம் நல்லதில்லை

ஆசிரியருக்கு வணக்கம். புவி சூடானால் வடதுருவத்தை ஒட்டிய காடுகள் நன்றாகச் செழிக்கும் என்று பலரும் சொல்கிறார்கள். குளிரில் ஒடுங்கிக் கிடக்கும் மரத்துக்கு வெயில் கிடைத்தால் நல்லதுதானே என்று தோன்றும், சில இடங்களில் அது உண்மையும்கூட. மேற்கு அலாஸ்காவில், மரங்கள் வளரக்கூடிய எல்லையை ஒட்டி ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரங்கள் முன்பைவிட வேகமாக வளர்கின்றன.

ஆனால் உள் அலாஸ்காவில் கதையே வேறு. ஃபேர்பேங்க்ஸ் பகுதியில் மழை, பனி எல்லாம் சேர்த்தே ஆண்டுக்குச் சுமார் 300 மில்லிமீட்டர்தான். கோடை சூடேறினால் மண்ணின் ஈரம் வற்றுகிறது, மரம் நீரைக் காப்பாற்ற இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது, மூடினால் கரியமில வாயு உள்ளே போகாது, அப்புறம் எப்படி வளரும்? அங்குள்ள வெள்ளை ஸ்புரூஸின் அடிமரத்தில் சூடான ஆண்டுகளின் வளர்ச்சி வளையங்கள் குறுகலாக, அதாவது வளர்ச்சி குறைவாக இருப்பதை அலாஸ்கா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டிலேயே காட்டிவிட்டார்கள்.

வாடிய மரத்தைப் பூச்சி விடுமா? 1990-களில் தெற்கு அலாஸ்காவின் கீனாய் தீபகற்பத்தில் பட்டைவண்டுகள் லட்சக்கணக்கான ஹெக்டேர் ஸ்புரூஸ் காட்டைத் தாக்கின. இரண்டு ஆண்டுகள் எடுக்கும் அவற்றின் வாழ்க்கைச் சுழற்சி, கோடை சூடானதால் ஒரே ஆண்டில் முடிந்துவிடுகிறது. தீ வேறு இருக்கிறது. கனடாவில் 2023-இல் மட்டும் 1.5 கோடி ஹெக்டேர் எரிந்தது.

'வடக்கில் காடு வளரும், அது கார்பனை இழுத்துக்கொள்ளும்' என்ற கணக்கை நம்பி உமிழ்வைக் குறைக்காமல் இருப்பது பெரும் தவறு. உங்கள் அறிவியல் பக்கத்தில் இதைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

— ஒரு வாசகர்