அக்காவின் தைலப் புட்டி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு பதிப்பில் உண்ணிக் காய்ச்சலைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையை என் அக்கா கத்தரித்து ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்திருக்கிறார். அதனால்தான் எழுதுகிறேன்.

அவருக்கு வயது 71. கோலாலம்பூர் செந்தூலில் 11ஆவது மாடியில் தனியாக இருக்கிறார். எட்டு மாதமாக உடம்பில் உண்ணி ஊர்கிறதாம். "தம்பி, நீ தோட்டத்து டிரெசராக (மருத்துவ உதவியாளராக) இருந்தவன்தானே, நீயே பார்" என்று, பிடித்த உண்ணிகளைப் போட்டுவைத்ததாகச் சொன்ன ஒரு பழைய தைலப் புட்டியை நீட்டினார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். தலையணை உறையின் நூல், புண்ணின் பொருக்கு, கொஞ்சம் தேங்காய் நார். வளர்ந்த உண்ணிக்கு எட்டுக் கால், குஞ்சுக்கு ஆறு. இவற்றில் ஒன்றுக்கும் கால் இல்லை.

முதலில் போன கிளினிக்கில் புட்டியைத் திறக்காமலேயே மனப்பிரமை என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த இடத்தில் ரத்தம்கூட எடுக்காமல், உண்ணி கடித்துப் பரவும் லைம் நோய் என்றார்கள். ஆறு வாரத்துக்கு ஆன்டிபயாடிக். அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்து லைம் என்ற ஊரின் பெயரால் வழங்கும் நோய் அது. என் அக்கா ஈப்போவைத் தாண்டிப் போனதில்லை!

நான் 31 ஆண்டுகள் செம்பனைத் தோட்டங்களில் மருத்துவ உதவியாளராக இருந்தவன். நம்மூரில் அஞ்சவேண்டிய காய்ச்சல் வேறு. உண்ணிக் காய்ச்சல் என்று நீங்கள் எழுதியது உண்ணியால் வருவதல்ல. உண்ணிக்கு உறவான, கண்ணுக்கு எளிதில் படாத ஒரு பூச்சியின் குஞ்சு கடிப்பதால் வருவது. (1948இல் குளோராம்பெனிகால் மருந்தை இந்த நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது இதே கோலாலம்பூரில்தான்.) கடிபட்டவர் பூச்சியைப் பார்த்திருக்கமாட்டார். காய்ச்சல், தலைவலி என்றுதான் வருவார். சட்டையைக் கழற்றச் சொல்லி அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு எல்லாம் தேடினால், சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கறுப்புப் பொருக்கு கிடைக்கலாம். வலிக்காது, அதனால் அவருக்கே தெரியாது. சிலருக்கு அதுவும் இருக்காது என்பதையும் சொல்லவேண்டும்.

அக்காவுக்குக் காய்ச்சலே இல்லை. கை எட்டும் இடமெல்லாம் நகக்கீறல். எட்டாத நடுமுதுகு மட்டும் பளிச்சென்று இருந்தது. புண்ணுக்குக் காரணம் பூச்சியல்ல, அவர் நகம்தான் என்ற சந்தேகம் எனக்கு அங்கேதான் உறுதிப்பட்டது. ஆனாலும் புட்டியைப் பார்த்ததும் முடிவு கட்டுவது தவறு. ஒருமுறை பால்மரம் வெட்டும் ஓர் அம்மா தீப்பெட்டியில் பூச்சி கொண்டுவந்தார். எல்லாரும் சிரித்தார்கள். உள்ளே இருந்தது அசல் நாய் உண்ணி.

பிறகு ஒரு தோல் மருத்துவர் புட்டியிலிருந்ததை நுண்நோக்கியில் வைத்துப் பார்த்தார், தோலைச் சுரண்டிச் சிரங்கில்லை என்று உறுதி செய்தார், ரத்தமும் எடுத்தார். நீரிழிவுக்காகப் பல ஆண்டுகள் மெட்ஃபார்மின் சாப்பிட்டதில் அக்காவுக்கு பி12 வைட்டமின் குறைந்திருந்தது. அந்தக் குறைவால் நரம்பு கெட்டு ஊர்வதுபோல இருக்கலாம். எனக்கே அது தோன்றவில்லை, வெட்கம்தான். ஊசி போட்டதும் ஊரல் பாதி குறைந்தது, ஆனால் பூச்சி இருக்கிறது என்ற நம்பிக்கை குறையவில்லை. அதற்கு மனநல மருத்துவர் குறைந்த அளவில் ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார். பூச்சி இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்று வாதாடவும் இல்லை. "உங்கள் தூக்கம் கெடுகிறதே, அதைச் சரிசெய்வோம்" என்றார். அக்கா தலையாட்டினார். போன வாரம் புட்டியில் இரண்டு நூல்தான் இருந்தது.

உங்கள் கட்டுரையோடு பெரிய உண்ணியின் படம் போட்டிருந்தீர்கள். அடுத்த முறை அந்தக் கறுப்புப் பொருக்கின் படத்தைப் போடுங்கள். ஐஸ்பெட்டியில் அதை ஒட்டிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்ட மருத்துவ உதவியாளர்,
செந்தூல், கோலாலம்பூர்.