வேலை போன காரணத்தைப் பதியும் கட்டத்தைத் தொழிலாளிக்கும் காட்டுங்கள்

இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) கழகத்தின் தலைமை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீசில், அதாவது ஆட்களின் வருகையைப் பதியும் இடத்தில், பல வருடம் வேலை பார்த்தவள் நான். இப்போது அக்கம்பக்கத்தில் யாருக்காவது வேலை போனால், இ.எஸ்.ஐ.-யில் ஏதாவது பணம் வருமா என்று என்னிடம் வந்து கேட்கிறார்கள். அதுவும் சிலர்தான். மற்றவர்களுக்கு இ.எஸ்.ஐ. என்றால் ஆஸ்பத்திரி, மாத்திரை, அவ்வளவுதான். வேலை போனாலும் பணம் உண்டு என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை.

உங்களிடம் இரண்டு திட்டங்கள் இருக்கின்றன. 2005 முதல் இருப்பது ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா. ஆலை மூடப்பட்டாலோ ஆட்குறைப்பில் வேலை போனாலோ முதல் 12 மாதம் சராசரிச் சம்பளத்தில் பாதி, அடுத்த 12 மாதம் கால் பங்கு. மருத்துவ வசதியும் தொடரும். 2018-இல் வந்தது அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா. இது வேலை இழந்தவருக்கு ஆயுளில் ஒரு தடவை, அதிகபட்சம் 90 நாளுக்கு. சம்பளத்தில் கால் பங்காக இருந்த தொகையை 2020-இல் கொரோனா சமயத்தில் பாதியாக்கினீர்கள். முதலாளி தயவு இல்லாமல் நேரடியாக விண்ணப்பிக்கவும் வழி செய்தீர்கள். பெரிய உதவி அது, மறுக்கவே மாட்டேன்.

மாதம் 15,000 ரூபாய் சம்பளம் வாங்கியவருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அடல் திட்டத்தில் சுமார் 22,000 ரூபாய் வரும். ராஜீவ் காந்தி திட்டத்தில் இரண்டு வருடத்துக்குமாகச் சேர்த்து 1,30,000-க்கு மேல். இதில் எது கிடைக்கும், எதுவுமே கிடைக்காதா என்பதை ஒரு சின்னக் கட்டம் தீர்மானிக்கிறது.

அந்தக் கட்டத்தை நான் மாதாமாதம் பார்த்திருக்கிறேன். கம்பெனி இ.எஸ்.ஐ. சந்தா கட்டும் இணையப் பக்கத்தில் ஒருவருக்கு வேலை நாள் பூஜ்ஜியம் என்று போட்டால் உடனே காரணம் கேட்கும். பட்டியல் விரியும்: விடுப்பு, வேலையை விட்டுச் சென்றார், ஓய்வு பெற்றார், ஆட்குறைப்பு, வேலை இல்லை... கம்பெனி சொல்கிற ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு அடுத்த பெயருக்குப் போக வேண்டியதுதான். யாருடைய வாழ்க்கையைப் பற்றி அங்கே பதிகிறதோ, அவருக்கு ஒரு வார்த்தை போகாது.

எங்கள் தெருவில் ஒரு அக்கா. ஒன்பது வருடம் ஒரே லைனில் நின்று வேலை செய்தவர். ஆர்டர் குறைந்ததும் அவரையும் இன்னும் சிலரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, ஆளுக்கொரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொடுத்திருக்கிறார்கள். "ரிசைன் லெட்டர் எழுதிக் கொடுத்துடும்மா, செட்டில்மென்ட் சீக்கிரம் வந்துடும். இல்லேன்னா இழுத்துக்கிட்டே போகும்." பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டிய மாதம். எழுதிக் கொடுத்துவிட்டார். கேட்டில் ஐடி கார்டையும் வாங்கிக்கொண்டார்கள். கட்டத்தில் விழுந்தது 'வேலையை விட்டுச் சென்றார்'. ராஜீவ் காந்தி திட்டத்தின் கதவு அந்த நிமிஷமே சாத்திக்கொண்டது. அடல் திட்டத்துக்குப் போனாலும், நீங்களாகத்தானே விட்டுவிட்டு வந்தீர்கள் என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும். ஆட்குறைப்பு என்று சொன்னால் சட்டப்படி இழப்பீடு கொடுக்க வேண்டும், வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம். அதைத் தவிர்க்கத்தான் அந்த வெள்ளைத் தாள் என்பது உங்கள் அதிகாரிகளுக்குத் தெரியாததா?

அதனால் கேட்கிறேன். காரணக் கட்டம் நிரப்பப்பட்ட உடனே அந்தத் தொழிலாளியின் கைபேசிக்குத் தமிழில் ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள். 'நீங்களாக வேலையை விட்டதாக உங்கள் நிறுவனம் பதிந்திருக்கிறது. இது தவறு என்றால் 30 நாளுக்குள் சொல்லுங்கள்' என்று இருந்தால் போதும். ஆட்சேபம் வந்தால், அது உண்மையான ராஜினாமா என்று நிரூபிக்கிற பொறுப்பு நிறுவனத்துடையதாக இருக்கட்டும். ஒரே மாதத்தில் ஒரே ஆலையில் கும்பலாக ஆட்கள் 'விட்டுச் சென்றால்' உங்கள் ஆய்வாளர் நேரில் போய்ப் பார்க்கட்டும். தகவல் எல்லாம் உங்கள் கணினியில்தானே இருக்கிறது.

அப்புறம் அந்த 730. அடல் திட்டத்தில் சராசரி நாள் சம்பளம் காண நான்கு சந்தாக் காலத்து, அதாவது இரண்டு வருடத்துச் சம்பளத்தைக் கூட்டி, இரண்டு வருடத்தின் மொத்த நாளான 730-ஆல் வகுக்கிறீர்கள். கான்ட்ராக்டர் மாறி மாறி, நடுவில் இரண்டு மூன்று மாதம் சும்மா உட்கார்ந்தவருக்கு அந்தக் காலி நாட்களும் வகுத்தலில் சேர்ந்துவிடுகின்றன. அதிகம் கஷ்டப்பட்டவருக்குக் குறைவாகப் பணம் போகிற கணக்கு இது. சந்தா கட்டிய நாட்களால் வகுங்கள். பாதிச் சம்பளம் என்பதையும் தவணை தவணையாக நீட்டிக்காமல் நிரந்தரமாக்குங்கள்.

சம்பளத்தில் 0.75 சதவீதத்தை மாதம் தவறாமல் பிடிக்கிறீர்கள். 15,000-க்கு 113 ரூபாய். அந்த அக்கா ஒன்பது வருடமும் கட்டியிருக்கிறார். அவரைப் போல ராஜினாமா எழுத வைக்கப்பட்டவர்கள், ஏற்கெனவே பதிவான காரணத்தைத் திருத்தக் கேட்டு கிளை அலுவலகத்தில் மனு கொடுக்க ஒரு வழி செய்து, அதைத் தமிழில் அறிவியுங்கள்.

இப்படிக்கு,
ஒரகடத்திலிருந்து ஒரு முன்னாள் டைம் ஆபீஸ் ஊழியர்