நானோ போர்ட் பழுதா? பஸ் ஏறமுதல் இதைப் பாருங்கள்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

மல்லாவி, துணுக்காய், புதுக்குடியிருப்பு என்று தூர இடங்களில் இருந்து "போர்ட் பழுது" என்று கொண்டு வருகிறீர்கள். கிளிநொச்சியில் எங்கள் கேபிளைக் குத்தியதும் அது வேலை செய்கிறது. பஸ் காசும் ஒரு நாளும் வீண். ஆகவே நாங்கள் எந்த ஒழுங்கில் சோதிக்கிறோமோ அதே ஒழுங்கில் இங்கே எழுதுகிறோம். சொல்வது பெரும்பாலும் ஏடிமெகா328பி சிப்பும் சிஎச்340 யூ.எஸ்.பி சிப்பும் உள்ள ஆர்டுயினோ நானோ (புரோகிராம் ஏற்றி ஓட்டும் சின்ன எலெக்ட்ரோனிக் போர்ட்) குளோன், அதாவது மலிவு நகல், பற்றியது.

முதலில் கேபிள். சார்ஜ் போட மட்டும் செய்த மலிவுக் கேபிளுக்குள் இரண்டு வயர்தான் இருக்கும். கரண்ட் போகும், தரவு போகாது. போர்ட்டில் லைட் எரிவதால் கேபிள் நல்லது என்று ஏமாந்து விடுகிறோம். விண்டோஸில் டிவைஸ் மனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு கேபிளைக் குத்துங்கள். பட்டியலில் ஒன்றுமே அசையாவிட்டால் கேபிளை மாற்றுங்கள். மஞ்சள் அடையாளத்தோடு புதிதாக ஒன்று வந்தால் கேபிள் சரி, சிஎச்340 டிரைவர்தான் (அந்தச் சிப்போடு கதைக்கக் கொம்பியூட்டருக்குத் தேவையான மென்பொருள்) இல்லை. உபுண்டு 22.04 பாவிப்பவர்களுக்கு வேறு தொல்லை: பார்வையற்றோரின் பிரெயில் கருவிகளுக்கான பிஆர்எல்டிடிவை என்ற புரோகிராம், சிஎச்340ஐயும் தன்னுடைய கருவி என்று நினைத்துப் பிடித்துக்கொள்ளும். பிரெயில் கருவி பாவிக்காதவர்கள் அதை நீக்கிவிடலாம். உங்கள் பயனர் பெயரை டயல்அவுட் குழுவிலும் (சீரியல் இணைப்பைப் பாவிக்க அனுமதி உள்ள குழு) சேர்க்க வேண்டும்.

கொம் இலக்கம் (விண்டோஸ் போர்ட்டுக்குக் கொடுக்கும் இணைப்பு இலக்கம்) தெரிகிறது, ஆனால் "நொட் இன் சிங்க்" என்று பத்துத் தரம் வந்து நிற்கிறதா? ஆர்டுயினோ ஐடிஇயின் (புரோகிராம் எழுதி ஏற்றும் மென்பொருள்) டூல்ஸ் மெனுவில் புரொசெசர் என்ற இடத்தில் "ஓல்ட் பூட்லோடர்" உள்ளதைத் தெரிவு செய்து மீண்டும் ஏற்றிப் பாருங்கள். பூட்லோடர் என்பது நீங்கள் அனுப்பும் புரோகிராமை வாங்கிச் சிப்பில் எழுதும் சின்னப் புரோகிராம். பழைய பூட்லோடர் 57,600 வேகத்தில் கதைக்கும், புதியது 115,200இல். குளோன்களில் இரண்டும் கலந்து வருகின்றன, வெளியே பார்த்துப் பிரிக்க ஏலாது. டி0, டி1 கால்களில் புளூடூத்தோ ஜிஎஸ்எம்மோ பூட்டியிருந்தால் ஏற்றும்போது கழற்றிவிடுங்கள். கொம்பியூட்டர் கதைப்பதும் அதே இரண்டு கால்களில்தான்.

அதற்கும் சரிவராவிட்டால் ஒரு சோதனை. இரண்டு ஜம்பர் வயர் போதும். ஒன்றால் ரீசெட் காலைக் கிரவுண்டோடு இணையுங்கள், சிப் நித்திரையாகிவிடும். மற்றதால் டிஎக்ஸ் காலையும் ஆர்எக்ஸ் காலையும் இணையுங்கள். சீரியல் மொனிட்டரைத் திறந்து 12345 என்று அடித்து என்டரைத் தட்டுங்கள். அதே 12345 திரும்பி வந்தால் கேபிள், டிரைவர், யூ.எஸ்.பி சிப் மூன்றும் நல்லது. பிழை பூட்லோடரில் அல்லது பெரிய சிப்பில் (ஏடிமெகா328பி). வேலை செய்கிற கேபிளோடும் திரும்பி வராவிட்டால் போர்ட்டைக் கொண்டு வாருங்கள், கேள்வி கேட்காமல் மாற்றித் தருவோம்.

பூட்லோடர் போனதை வீட்டிலேயே திருத்தலாம், இன்னொரு நானோ இருந்தால். நல்ல நானோவில் எக்சாம்பிள்ஸில் உள்ள "ஆர்டுயினோ ஐஎஸ்பி"யை (நானோவை இன்னொரு சிப்புக்கு எழுதும் கருவியாக்கும் புரோகிராம்) ஏற்றுங்கள். பிறகு அதன் டி10ஐப் பழுதானதன் ரீசெட்டுக்கும், டி11, டி12, டி13 மூன்றையும் அதே இலக்கக் கால்களுக்கும், 5 வோல்ற், கிரவுண்டையும் கொடுங்கள். நல்ல நானோவின் ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் 10 மைக்ரோபரட் கப்பாசிற்றர், நேர்முனை ரீசெட் பக்கம். இதை முதலே போட்டால் ஐஎஸ்பி புரோகிராம் ஏறாது. போடாமலே விட்டால் பூட்லோடர் எரிக்கத் தொடங்கும்போது நல்ல நானோ ரீசெட் ஆகிவிடும். புரோகிராமர் மெனுவில் "ஆர்டுயினோ அஸ் ஐஎஸ்பி" என்பதை எடுத்து, "பேர்ன் பூட்லோடர்" அழுத்துங்கள். அதேபோல வேறு பெயர்களும் அங்கே இருக்கும், கவனம்.

ஏடிடைனி85 (எட்டுக் கால் உள்ள சின்னச் சிப்) வாங்கியவர்களுக்கு: ஒரு செக்கனுக்கு ஒருதரம் சிமிட்ட எழுதிய லைட் எட்டுச் செக்கன் எடுத்தால் சிப் பழுதில்லை. கொம்பனியில் இருந்து வரும்போது 8 மெகாஹேர்ட்ஸை எட்டால் பிரித்து 1 மெகாஹேர்ட்ஸில் ஓடும்படி பியூஸ் (சிப்புக்குள் எழுதும் அமைப்பு, கரண்ட் பியூஸ் அல்ல) இருக்கும். உள் கடிகாரம் 8 மெகாஹேர்ட்ஸ் என்று தெரிவு செய்து ஒருதரம் "பேர்ன் பூட்லோடர்" அழுத்தினால் பியூஸ் மாறும். தவறுதலாக வெளிக் கிறிஸ்டல் என்று எரித்துவிட்டால் சிப் செத்ததுபோல் கிடக்கும். 2ஆம், 3ஆம் கால்களுக்கு நடுவே 16 மெகாஹேர்ட்ஸ் கிறிஸ்டலும், ஒவ்வொரு காலில் இருந்தும் கிரவுண்டுக்கு 22 பிக்கோபரட்டும் போட்டால் எழும்பும். ரீசெட் காலைச் சாதாரணக் காலாக மாற்றும் பியூஸை மட்டும் தொடாதீர்கள். பிறகு 12 வோல்ற் புரோகிராமர் இல்லாமல் அதை மீட்க ஏலாது.

மாற்றித் தர முடியாதது ஒன்றுதான்: ரெகுலேற்றர் (வரும் வோல்ற்றை 5 வோல்ற்றாகக் குறைக்கும் சாமான்) கருகிய போர்ட். வயல் மோட்டருக்கு ரிலே போடுபவர்கள் 12 வோல்ற் பற்றரியை நேரே விஐஎன் காலில் கொடுத்து, ரிலேயையும் நானோவின் 5 வோல்ற்றில் ஓட்டுகிறார்கள். நீல ரிலே ஒன்று ஏறத்தாழ 70 மில்லி அம்பியர் இழுக்கும். இரண்டு ரிலே என்றால் 7 வோல்ற் (12இல் 5 போக) தர 0.14 அம்பியர், ஏறக்குறைய 1 வாற் வெப்பம், அடிப்பக்கத்தில் இருக்கிற அந்தச் சின்னச் சாமானில். சோலார் சார்ஜ் ஏறும் நேரம் பற்றரி 14 வோல்ற்றைத் தாண்டும்போது இன்னும் கூடும். எல்எம்2596 பக் கன்வேர்ட்டர் (அதிகம் சூடாகாமல் வோல்ற்றைக் குறைக்கும் சின்ன போர்ட்) ஒன்று வாங்கி, நானோவைப் பூட்டமுதல் மீற்றரால் 5 வோல்ற்றுக்குச் சரிசெய்து, 5 வோல்ற் காலில் கொடுங்கள். அதன் திருகு பல சுற்றுத் திருகு. பத்துச் சுற்றுக்கும் ஒன்றும் மாறவில்லை என்று விட்டுவிடாதீர்கள்.

ஈஎஸ்பி32 (வைபை உள்ள வேறொரு போர்ட்) ஏற்றும்போது "கனெக்டிங்" என்று புள்ளி ஓடினால் பூட் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள், அவ்வளவுதான். அதற்காக ஐடிஇயில் சேர்க்கும் பக்கேஜ் பெரியது, டேட்டா கனக்கப் போகும். 8 ஜிபி பென் டிரைவ் கொண்டு வந்தால் ஐடிஇ 1.8.19ஐ, அதற்குள் "போர்ட்டபிள்" என்ற போல்டரில் பக்கேஜும் டிரைவரும் போட்டுத் தருகிறோம். பள்ளிக்கூட லாப்பில் ஐடிஇ இன்ஸ்டோல் செய்யாமலே ஓடும்.

கடைக்கு வருவதென்றால் போர்ட்டோடு நீங்கள் பாவித்த கேபிளையும், ஐடிஇயில் வந்த சிவப்பு எழுத்துகளின் போட்டோவையும் கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
கடையினர், கிளிநொச்சி