வருகைதரு விரிவுரையாளர்களுக்கு நூலகத்தைத் திறந்துவிடுங்கள்

கொழும்பிலுள்ள தனியார் உயர்கல்வி நிறுவனங்களை நிர்வகிக்கும் மதிப்புக்குரியவர்களுக்கு,

வணக்கம். கொள்ளுப்பிட்டி முதல் வெள்ளவத்தை வரை காலி வீதியை அண்டி இயங்கும் உங்கள் நிறுவனங்களில் மணித்தியாலக் கொடுப்பனவுக்குக் கற்பிக்கும் பலருள் நானும் ஒருவன். கொடுப்பனவின் அளவைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம். பெரிய செலவில்லாமல் நீங்கள் தரக்கூடியவற்றையே இன்று கேட்கிறேன்.

முதலில் நூலகம். பருவம் முடிந்ததும் எங்கள் நூலக அட்டையும் மின்னஞ்சல் கணக்கும் செயலிழந்துவிடுகின்றன. அடுத்த பருவத்துப் பாடங்களை நாங்கள் ஆயத்தம் செய்வது அந்த இடைவெளியில்தான். ஆய்விதழ்கள் தேவைப்படும் வேளையில் கதவு பூட்டப்படுகிறது. ஆண்டு முழுவதும் செல்லுபடியாகும் அட்டை ஒன்றைத் தாருங்கள்.

அடுத்தது வகுப்பறை. ஹற்றனிலோ வவுனியாவிலோ தமிழ்மொழி மூலம் உயர்தரம் படித்துவிட்டு வரும் பிள்ளைகள், இங்கே ஆங்கிலமொழி டிப்ளோமா வகுப்பில் வாய் திறக்கத் தயங்குகிறார்கள். பதில் தெரியாமல் அல்ல. அதனால் நான் கேள்வியைக் கேட்டதும் ஒரு நிமிடம் தனியே எழுதச் சொல்வேன். பிறகு பக்கத்தில் இருப்பவருடன் தமிழிலோ சிங்களத்திலோ பேசி முடிவுக்கு வரட்டும். அதன்பின் ஆங்கிலத்தில் பதில் கேட்டால் பின்வரிசையிலும் கைகள் உயர்கின்றன. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் கற்பிக்கும் எரிக் மசூர் 1990களின் தொடக்கத்திலிருந்து இதற்கு நெருங்கிய முறையொன்றைக் கையாண்டு வருகிறார்: மாணவர்கள் முதலில் தனியே விடையைத் தெரிவுசெய்ய வேண்டும்; அருகிலிருப்பவருடன் விவாதித்தபின் மீண்டும் தெரிவுசெய்ய வேண்டும்.

வகுப்பு முடியும்போது பெயர் எழுதாத அரைத்தாளில் ‘இன்று விளங்காதது எது?’ என்ற ஒரே கேள்விக்குப் பதில் வாங்குவேன். அடுத்த வகுப்பு அந்தத் தாள்களிலிருந்துதான் தொடங்கும். ஒரே இடத்தில் பலர் தடுக்கியிருந்தால், அது என் விளக்கத்திலுள்ள குறை என்று தெரிந்துவிடும்.

ஆனால் தாழ்வாரத்தில் போகும் மேற்பார்வையாளருக்குக் கேட்பது சத்தமும் தாய்மொழியும்தான். ‘ஆங்கிலம் மட்டும்’ என்று எழுத்தில் எச்சரிக்கை வருகிறது. தயவுசெய்து இந்த விதியைக் கைவிடுங்கள். தாய்மொழியில் ஐந்து நிமிடம் யோசித்த மாணவி ஆங்கிலத்தில் எழுதும் விடை தெளிவாக இருப்பதை நான் விடைத்தாள்களில் பார்க்கிறேன்.

மாணவர்களைச் சந்திக்க ஒரு மேசையும் இரண்டு கதிரைகளும் வேண்டும். வகுப்பில் கேட்கக் கூச்சப்படுபவர்கள் முடிந்தபின்தான் வருவார்கள். அதற்குள் அடுத்த வகுப்பு உள்ளே நுழைந்துவிடும். படிக்கட்டில் நின்றபடி ஒப்படையைத் திருத்திக் காட்டுவது அவர்களுக்கும் மரியாதையில்லை, எங்களுக்கும் இல்லை.

ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதியையும் சொல்லியே ஆகவேண்டும். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி ஊதியத்தில் தொழில்தருநரின் பங்கு 12 சதவீதம், ஊழியரின் பங்கு 8 சதவீதம். தற்காலிக ஊழியர்களும் அதற்குள் அடங்குவர். பருவத்துக்குப் பருவம் புதிய கடிதம் தந்து, ஆண்டுக்கணக்கில் ஒரே பாடத்தைக் கற்பிப்பவர்களை அதற்கு வெளியே நிறுத்தாதீர்கள்.

அடுத்த பருவத்துக்கான நேரசூசியை வெளியிடுமுன், வருகைதரு விரிவுரையாளர்கள் அனைவரையும் ஒரு கூட்டத்துக்கு அழையுங்கள். அந்த மணித்தியாலங்களுக்கும் கொடுப்பனவு வழங்குங்கள். எங்கள் வகுப்புகளில் பலன் தந்தவற்றை உங்கள் நிரந்தர விரிவுரையாளர்களோடு பகிர்ந்துகொள்ள நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
வருகைதரு விரிவுரையாளர் ஒருவர்
வெள்ளவத்தை, கொழும்பு